சனிக்குப் பக்கத்தில் நாற்பது கப்பல்

வன்னியபெருமாளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருவான். முடிவெட்டிக்கொள்ளும்போதுகூட முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு தடவை காதில் கத்தரி பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்ததோ நின்ற இடத்தில் நின்று எண்ணுகிற வேலை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியின் சரக்கு இறங்குதுறையான ஜெட்டியில் டாலி கிளார்க். கரையோரம் ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை எடுத்துவரும். ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் வன்னியபெருமாள் தாளில் ஒரு கோடு போடுவான். நாலு கோடு, குறுக்கே ஒன்று, அது ஐந்து. மறுபடி நாலு கோடு. பத்து வருஷமாக இதே கோடுகள். தூரத்தில் தெரிந்த கப்பல்கள் ஒன்றிலும் அவன் கால் வைத்ததில்லை.

ஏறப் பார்க்காமல் இல்லை. 1940-இல் யுத்தத்துக்காகக் கப்பற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டு மதராஸுக்கு ரயிலேறினான். உயரம், மார்பு, பல் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாக ஒரு டாக்டர் கம்பளி நூல்களை மேசைமேல் பரப்பி, பச்சையாக இருப்பதையெல்லாம் பொறுக்கச் சொன்னார். பொறுக்கினான். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அவன் பொறுக்கிய ஐந்தில் இரண்டு சிவப்பு. சிவப்பும் பச்சையும் தன் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன என்பது அவனுக்கே இருபத்தொன்பதாவது வயதில் அங்கேதான் தெரிந்தது. எதிரே வருகிற கப்பலின் விளக்கு என்ன நிறம் என்று சொல்லத் தெரியாதவனுக்குக் கடலில் என்ன வேலை? ஊருக்குத் திரும்பினான். மறுநாள் ஜெட்டியில் நின்று கோடு போட்டான்.

அவன் மனைவி செண்பகத்துக்கு உள்ளூர நிம்மதிதான். ஆனால் அதற்குப் பிறகு அவனோடு ஒரு வீட்டில் இருப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஒரு மாதம் ரேடியோ செய்கிறேன் என்று கம்பிகளை வாங்கிவந்தான். ஒரு மாதம் மலையாளம் படித்தான். கீழூரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் ஒற்றைச் சன்னலை இடம் மாற்றி வைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டான்.

1943 பிப்ரவரியில் ஒரு நாள், தோணியிலிருந்து தூக்கும்போது கயிறு நழுவி ஒரு மரப்பெட்டி ஜெட்டிமேல் விழுந்து உடைந்தது. உள்ளே ஆஸ்பத்திரிக்கு வந்த கண்ணாடிக் குப்பிகள். அவை உடையாமல் இருக்கச் சுற்றிலும் காகிதத்தைக் கசக்கித் திணித்திருந்தார்கள். கூட்டிப் பெருக்கினவர்கள் குப்பையில் போட்ட காகிதங்களில் ஒன்றை வன்னியபெருமாள் சும்மா பிரித்துப் பார்த்தான். ஏதோ ஒரு இங்கிலீஷ் கதைப் பத்திரிகையின் தாள். வானத்தில் கப்பல்கள் சண்டை போடுகிற படம். கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

தாள்களை நீவி வரிசைப்படுத்தினால், அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை இருந்தது. பிறகு எழுபத்தேழிலிருந்து எண்பது வரை. பூமியின் பன்னிரண்டு கப்பல்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே காவல் நிற்கின்றன. சனி கிரகத்தின் வளையத்துக்குப் பின்னாலிருந்து எதிரியின் நாற்பது கப்பல்கள் வருகின்றன. நாற்பதுக்கும் பீரங்கி பெரிது. பன்னிரண்டும் கொஞ்சம் வேகம். அறுபத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரியில் பன்னிரண்டின் தளபதி கையை உயர்த்தி, "இப்போது!" என்கிறான். அடுத்து இருந்தது எழுபத்தேழாம் பக்கம். அதில் தளபதிக்கு விருந்து வைக்கிறார்கள்.

"ஏளா, பன்னெண்டு எப்படி நாப்பத ஜெயிக்கும்?" என்று செண்பகத்தைக் கேட்டான்.

"கதை எழுதுதவன் நினைச்சா ஜெயிக்கும்."

"அப்படி விட முடியாது. நடுவுல எட்டுப் பக்கம் இருக்கு. அதுல என்னவோ பண்ணியிருக்கான்."

அடுத்த இரண்டு வாரம், உடைந்து வந்த பெட்டிகளையெல்லாம் கிளறிப் பார்த்தான். வைக்கோல் கிடைத்தது, மரத்தூள் கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. அதற்குமேல் பொறுக்க முடியாமல், எழுதினவன் சொல்லாவிட்டால் நாமே சண்டை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தான்.

நாற்பதுக்குப் புளியங்கொட்டை. பன்னிரண்டுக்குக் கடற்கரையில் பொறுக்கிய கூர்முனைச் சிப்பி. நிறத்தை நம்பாமல் உருவத்தை நம்புகிற பழக்கம் அவனுக்கு மதராஸுக்குப் பிறகு வந்திருந்தது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டான். எதிரே ஆட ஒரு ஆள் வேண்டுமே? சங்கு குளிக்கிற ஜேசுபாதத்தைப் பிடித்துவந்தான். ஜேசுபாதம் அவன் வயதுக்காரன், ஜெட்டியில் பழக்கம். காதில் தண்ணீர் புகுந்து புகுந்து பாதிச் செவிடு. அதனால் எதையும் சத்தமாகத்தான் பேசுவான். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த ஆட்டத்திலும் தோற்கப் பிடிக்காது.

சுடுவதற்குச் சோழி. எதிரி ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் ஆறு சோழியை உருட்டலாம். இரண்டு சாண் என்றால் நாலு, மூன்று சாண் என்றால் இரண்டு. மல்லாந்து விழுகிற ஒவ்வொரு சோழியும் ஒரு அடி. மூன்று அடி வாங்கிய கப்பல் செத்தது. முதல் ஆட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. நாற்பது ஜெயித்தது. இரண்டாவதும் நாற்பது. பக்கம் மாற்றி ஆடினார்கள், அப்போதும் நாற்பது. ஒன்பது ஆட்டம் இப்படிப் போயிற்று.

"இது சண்டையா, புளியங்கொட்டை எண்ணுததா?" என்றான் ஜேசுபாதம். "அங்கன ஜெட்டியில எண்ணுதது பத்தாதாக்கும் உனக்கு?"

அந்தப் பேச்சு வன்னியபெருமாளுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஜெட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தோணி பாயை இறக்கிவிட்டும் நிற்காமல் வந்து ஜெட்டியில் மோதியது. தோணிக்காரரும் சுமை தூக்குகிறவர்களும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். வன்னியபெருமாள் மட்டும் கோடு போட மறந்து நின்றான். பாயை இறக்கின பிறகும் தோணி வந்தது. தண்ணீர் பிடித்து இழுத்ததால்தான் இந்த மட்டில் மோதி நின்றது. வானத்தில் தண்ணீர் ஏது? அங்கே ஒரு கப்பல் கிளம்பிவிட்டால் யார் அதை நிறுத்துவது?

அன்றைக்கு நாலு மூட்டை கணக்கில் வரவில்லை. அதைச் சரிக்கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவன் கட்டங்களையெல்லாம் ஈரத்துணியால் அழித்தான்.

புது விதி இதுதான். போன தடவை ஒரு கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போனதோ, இந்தத் தடவையும் அதே பக்கம் அதே தூரம் போயே ஆகவேண்டும். என்ஜினால் முடிந்ததெல்லாம் அந்தப் போக்கை இரண்டு விரற்கடை மாற்றுவதுதான். கூட்டலாம், குறைக்கலாம், ஒதுக்கலாம். சட்டென்று நிற்க முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது. அடுத்து எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் தரையில் ஒரு புள்ளி வைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்த ஜேசுபாதம், முதல் ஆட்டத்திலேயே ஏழு கப்பல்களைச் சுவரில் கொண்டுபோய் முட்டினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. குனிந்து தரையில் வைத்திருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"வன்னியம், ஒண்ணு கேக்கட்டா? ஏன் எல்லாரும் தண்ணிமேலயே நிக்காங்க? முங்க மாட்டாங்களா?"

"வானத்துல எங்கன முங்க?"

"மேலயும் கீழயும் இல்லாத வானம் என்ன வானம்? நான் அடியில சங்கு தேடும்போது மீனு பக்கவாட்டுலயா வருது? தலைக்கு மேல போகுது, காலுக்குக் கீழ போகுது. நாலு பாகம் தள்ளி ஒரு திருக்கை நிக்கும், என்னைப் பாக்காமலே போயிரும்."

கைகள் இரண்டையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கடலில் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்கள். வன்னியபெருமாள் எழுந்து அறைக்குள் மூன்று சுற்று நடந்தான். தரை தட்டை. அதில் ஆழத்தை எப்படிக் காட்டுவது? கொல்லையில் உடைந்த ஓடுகள் கிடந்தன. செண்பகம் அதில் ஒன்றைக் கல்லில் தேய்த்து, பிள்ளைகள் பாண்டி ஆடுகிற சில்லு மாதிரி வட்டமாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாக் கப்பலும் மூணு சில்லு உசரத்துல தொடங்கட்டும்," என்றாள். "கீழ போகணும்னா ஒண்ண உருவணும். மேல போகணும்னா ஒண்ணு வைக்கணும். ஒரு சில்லு ஒரு பாகம்."

இருநூறு சில்லு தேய்க்க அவர்கள் மூவருக்கும் பத்து நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக இருந்தது. ஆனால் வன்னியபெருமாளால் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை ஒரு விதி, புதன்கிழமை அதற்குத் திருத்தம். இருவரும் ஒரே நேரத்தில் கப்பலை நகர்த்தவேண்டும் என்றான். அப்படியானால் ஒருவர் செய்யப்போவது மற்றவருக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது என்றான். ஜேசுபாதம் தலையில் அடித்துக்கொண்டான்.

"நேத்து ஒரு நியாயம், இன்னைக்கு ஒரு நியாயமா இருக்கு," என்றாள் செண்பகம். "ஒரு நோட்டு வாங்கி எழுதுங்க. எழுதினத மாத்தக் கூடாது."

எழுதினான். இருபத்திரண்டு விதிகள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பக்கத்துக் கட்டளைகளும் அதே நோட்டில் ஏறின. ஜேசுபாதத்துக்கு எழுதத் தெரியாததால் அவன் செண்பகத்தின் காதில் சொல்லுவான், அவள் எழுதுவாள். அவன் காதில் சொல்வது மூன்று வீட்டுக்குக் கேட்கும், அதனால் வன்னியபெருமாள் அந்த நேரத்தில் தெருமுனைவரை போய்விட்டு வருவான். அவனுக்கும் அது வசதியாக இருந்தது.

ஜூன் மாதம், பத்தொன்பதாவது ஆட்டத்தில், பன்னிரண்டு ஜெயித்தது. ஜேசுபாதம் தன் கப்பல்களை எதிரியை நோக்கி ஓட்டாமல், வேகத்தைக் கூட்டிக்கொண்டே கீழே இறக்கினான். ஒரு சில்லு, இரண்டு சில்லு, கடைசியில் வெறும் தரை. நாற்பதும் அவனைப் பிடிக்கத் திரும்பப் பார்த்தன. அவ்வளவு கனமான கூட்டம் திரும்புவதற்குள் தன் வேகத்திலேயே தாண்டிப் போய்விட்டது. ஒன்றுக்கொன்று விலகி, அறை முழுக்கச் சிதறிற்று. பன்னிரண்டும் சேர்ந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அடித்தன. கடைசிப் புளியங்கொட்டை கதவிடுக்கில் போய் நின்றபோது ஜேசுபாதம் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் தொட்டில் பிள்ளை விழித்து அழுதது.

வன்னியபெருமாளுக்கு அன்று சந்தோஷந்தான். ஆனால் இரண்டு நாள்கூட அது நிற்கவில்லை. இப்படி ஜெயிக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. கதையில் இப்படித்தான் ஜெயித்தார்களா? காணாமல்போன எட்டுப் பக்கத்தில் வேறு வழி ஒன்று இருந்தால்? மதியச் சாப்பாட்டு வேளையில் ஜெட்டி ஓரம் உட்கார்ந்து பார்க்கலாமே என்று நோட்டையும் அந்தப் பத்திரிகைத் தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தான்.

யுத்த காலம். முந்தின வருஷந்தான் கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் ஊரெங்கும் கலவரமும் கைதும் நடந்திருந்தன. துறைமுக வாசலில் வருகிற போகிறவர்களின் பைகளைப் போலீஸ் சோதித்தது. பாஸ் வைத்திருந்த பழைய ஆள் என்று வன்னியபெருமாளை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அன்றைக்குப் புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தினார்.

நோட்டின் நடுப்பக்கத்தில் இப்படி இருந்தது: 'எதிரி 40. நம்முடையது 12. மூன்றாம் கப்பல் தெற்கே இரண்டு விரல், ஒரு பாகம் கீழே. ஐந்தாம் கப்பல் சுடுகிறது. எதிரியின் ஒன்பதாம் கப்பல் காலி.'

கொஞ்ச நேரத்தில் அவன் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான். சப் இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டியன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். கண்ணாடி போட்ட, அலுப்பான முகமுள்ள மனிதர்.

"இந்த நாப்பது கப்பல் எங்கனவே நிக்கி?"

"சனிக்குப் பக்கத்துல, ஐயா."

"சனிங்கிறது எந்தத் துறைமுகம்?"

"துறைமுகம் இல்லய்யா. சனி கிரகம். வானத்துல இருக்குல்லா, அது."

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார். "கீழே ரெண்டு பாகம்னு எழுதியிருக்கீரு. தண்ணிக்குள்ள முங்கிப் போற கப்பல்தானே?"

"தண்ணியே கிடையாதுய்யா அங்க."

"இது ரெண்டு பேரு கையெழுத்தால்லா இருக்கு. இன்னொண்ணு யாரு?"

 அதுவரை ஆடிக்கொண்டிருந்த வன்னியபெருமாளின் முழங்கால் நின்றுவிட்டது. அவனை லாக்கப்பில் வைத்தார்கள்.

இரண்டு நாள் அங்கே இருந்தான். நாலு எட்டு நடந்தால் சுவர், திரும்பி நாலு எட்டு நடந்தால் கம்பி. கம்பெனியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தூக்கில் போடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. செண்பகத்தின் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

கண்டுபிடிக்கிற வேலையை அவள் யாருக்கும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு ஓலைக் கடகம். பின்னால் இன்னொரு கடகத்தோடு ஜேசுபாதம்.

"ஐயா, அந்த இன்னொரு எழுத்து என்னுது," என்றாள். "எழுதுங்கன்னு அவுகளச் சொன்னதும் நாந்தான். எங்கள நம்ப வேண்டாம். ஆடிக் காட்டுதோம், பாருங்க."

கடகங்களில் சில்லும் சிப்பியும் புளியங்கொட்டையும் இருந்தன. சங்கரபாண்டியன் என்ன நினைத்தாரோ, ஸ்டேஷன் கூடத்தில் கிடந்த பெஞ்சியை ஓரமாக நகர்த்தச் சொன்னார். செண்பகம் பன்னிரண்டை எடுத்துக்கொண்டாள். ஜேசுபாதம் நாற்பதை. அவனுடைய கட்டளையை எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஒரு ஏட்டையாவே எழுதினார். லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து வன்னியபெருமாள் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சங்கரபாண்டியன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் செண்பகம் அடித்ததில் ஒரு புளியங்கொட்டை செத்தது. ஜேசுபாதம் அதைக் கையில் எடுத்தான்.

"எடுக்கக் கூடாதுண்ணே," என்றாள் செண்பகம்.

"செத்துப் போச்சுல்லா தங்கச்சி?"

"செத்த கப்பலும் அது போக்குல போய்க்கிட்டேதான் இருக்கும். வைங்க அங்கன."

"செத்தது எப்படிப் போவும்? இத்தன நாளும் எடுத்துத்தான வச்சோம்?"

"இத்தன நாளும் அது போற வழியில ஒண்ணும் இல்ல. இப்ப உங்க கப்பல் ரெண்டு நிக்கி. முட்டிருமேன்னுதான எடுக்கியோ? எனக்குத் தெரியாதாக்கும்!"

"யார கள்ளாட்டம் ஆடுதான்னு சொல்லுத? இருபது வருஷமாக் கடல்ல முங்குத எனக்கு, செத்தது எங்க போவும்னு நீ சொல்லித் தருதியா?"

"கடல்ல செத்தது அடியில போய்ப் படுக்கும். இங்க அடி எங்கண்ணே இருக்கு?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவனும் எழுந்தான். ஜேசுபாதத்தின் குரல் தெருவுக்குக் கேட்டது, வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் உள்ளே ஓடிவந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வன்னியபெருமாள் கத்தினான்: "செண்பகம் சொல்லுததுதான் சரி! அது போய்த்தான் ஆகணும்!"

"அதான பாத்தேன்! புருஷனும் பொண்டாட்டியும் சேந்துக்கிட்டியோ!" என்று ஜேசுபாதம் கடகத்தை உதைத்தான். சில்லுகள் கூடமெங்கும் உருண்டன.

சங்கரபாண்டியன் நோட்டைத் திறந்து, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டு போனார். "நாலாவது விதி," என்றார். "'மூன்று அடி வாங்கிய கப்பல் செத்தது.' இவ்வளவுதான் இருக்கு. எடுக்கணும்னும் இல்ல, எடுக்கக் கூடாதுன்னும் இல்ல. என்னவே எழுதியிருக்கீரு?"

வன்னியபெருமாள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். "ஒரு பென்சில் குடுங்கய்யா. சேத்துருதேன்."

சப் இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். பிறகு ஏட்டையாவிடம், "அந்தக் கதவைத் திறங்க," என்றார். "உளவாளி வேஷம் போட ஆள் உண்டு. இந்தச் சண்டையை எவனாலும் நடிக்க முடியாது."

அவன் வெளியே வந்தான். நோட்டு வரவில்லை. அந்தப் பத்திரிகைத் தாள்களும் வரவில்லை. மேலே அனுப்பவேண்டும் என்று அரக்கு முத்திரை வைத்துக் கட்டிவிட்டார்கள். துறைமுகப் பாஸும் பறிபோயிற்று. பாஸ் இல்லாத டாலி கிளார்க்குக்கு ஜெட்டியில் இடம் ஏது? கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. செண்பகத்தின் அண்ணன் மூலமாக ஆறுமுகநேரியில் ஒரு உப்பளத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது.

அந்த மூன்று வருஷம் அவனுக்குப் பொல்லாத காலம். பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு, கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டை. கடல் பக்கத்திலேயே இருந்தும் கப்பல் ஒன்று தென்படாது. வரப்புமேல் நடந்துகொண்டே இருப்பான். வேலையாட்கள் அவனை 'நடை மேஸ்திரி' என்றார்கள். விதிகளை நினைவிலிருந்து திரும்ப எழுதினான். பதினெட்டுதான் வந்தன. மற்ற நாலும் என்ன என்பதில் அவனுக்கும் செண்பகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஜேசுபாதத்தைக் கேட்கலாம் என்றால், அவன் ஸ்டேஷனில் கோபித்துக்கொண்டு போனவன், ஒரு வருஷம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதிரசத் தூக்கோடு வந்து இறங்கினான். உள்ளே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "செத்த கப்பல் போகும்தான். ஒத்துக்கிடுதேன். ஆனா முட்டினா ரெண்டு அடிதான் கணக்கு, மூணு இல்ல."

யுத்தம் முடிந்தது. 1946-இல் வன்னியபெருமாள் பாஸுக்குத் திரும்ப மனுப்போட்டான். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். பழைய கம்பெனிக்கு அவன் போகவில்லை. கொழும்பு, கொச்சி, பம்பாய் என்று கரையோரமாகப் போய்வருகிற ஒரு சின்னக் கப்பலுக்குச் சரக்குக் குமாஸ்தா தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். அந்த வேலைக்கு நூல் பொறுக்கிக் காட்டவேண்டியதில்லை. முப்பத்தைந்து வயதில், முதல் முதலாக, தோணியிலிருந்து கயிற்றேணி பிடித்துக் கப்பலில் ஏறினான். முதல் மூன்று நாள் வாந்தியெடுத்தான். நாலாம் நாள் மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தான்.

செண்பகம் கீழூருக்கே திரும்பி வந்து, பழைய தெருவிலேயே வேறொரு வீடு பார்த்துக்கொண்டாள். அவன் போனதில் அவளுக்கு வருத்தம் உண்டு, அதை அவள் மறைக்கவும் இல்லை. "போகாதியன்னு சொன்னா நிக்கவா போறிய?" என்றாள். "போங்க. ஆனா பாதி ஆட்டத்துல எழுந்து போறிய. அதை முடிச்சுக் குடுங்க."

அந்த ஆட்டத்தில் நாற்பது அவனுடையது, பன்னிரண்டு அவளுடையது; அதை முடிக்கத் தபால் கார்டுதான் வழி. ஆடுகிற கப்பலில் சில்லை அடுக்கமுடியாது. அவன் கட்டம் போட்ட தாளில் எண்களால் குறித்துக்கொண்டான். அவள் அறையின் ஒரு மூலையைச் சாக்பீஸால் வளைத்து, அங்கே யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சோழி உருட்டுவது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேசுபாதம். இருவருக்கும் அவனே உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு நேராகக் கார்டில் சாட்சியாகச் சங்கு மாதிரி ஒரு குறி போடுவான்.

கொச்சியில் ஒரு நாள் செண்பகத்தின் கார்டு வந்தது. 'ஏழாம் கப்பல் தெற்கே இரண்டு விரல், ஒரு பாகம் கீழே. உங்கள் பதினாலாம் கப்பல் காலி. குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. தையல்காரர் உங்கள் சட்டையைக் கொடுத்துவிட்டார், கை நீளமாக இருக்கிறது. ஒன்பதாம் கப்பல் சும்மா போகிறது. ஜேசுபாதம் அண்ணனுக்குக் காது வலி தேவலை. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கொச்சித் துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டுகிற ஒரு குட்டைத் தூண்மேல் உட்கார்ந்து தாளில் புள்ளி வைத்துப் பார்த்தான். ஒன்பதாம் கப்பல் ஏன் சும்மா போகிறது? இரண்டு தடவை எழுந்து நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்த நாலு நகர்த்தலையும் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. அவனுடைய செத்த கப்பல் ஒன்று மிதந்து போகிற வழிக்குப் பின்னால் அவள் அந்த ஒன்பதாம் கப்பலை மறைத்துக் கொண்டுபோகிறாள். அவனுடைய பெரிய கூட்டம் அந்த வழியைத்தான் கடக்க வேண்டும். ஒதுக்கலாம் என்றால் அவ்வளவு வேகத்தை இரண்டு விரற்கடையால் ஒன்றும் செய்யமுடியாது.

சரக்கு ஏற்றுகிறவர்கள் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன்," என்றவன் எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆட்டம் முடியப் பதினாலு மாதம் பிடித்தது. செண்பகத்தின் பன்னிரண்டில் ஐந்து மிஞ்சின, அவனுடைய நாற்பதில் ஒன்றும் மிஞ்சவில்லை. தோற்றதை ஒப்புக்கொண்டு பம்பாயிலிருந்து அவன் எழுதிய கார்டில், சனி கிரகம் பக்கத்தில் போகிற கப்பலைத் தன்பக்கம் இழுக்குமல்லவா, அதை நாம் கணக்கில் எடுக்கவே இல்லையே, ஒரு விதி சேர்த்தால் என்ன என்று கேட்டிருந்தான். எவ்வளவு தூரத்துக்குள் எத்தனை விரல் இழுக்கும் என்று முதலில் தெளிவாக எழுதி அனுப்புங்கள், அண்ணனும் நானும் ஆடிப் பார்த்துச் சொல்லுகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவள் நாற்பதை எடுத்துக்கொண்டாள்.